இந்தத் தொடக்கம் பரிந்துரைக்கப்படவில்லை

உடுமலைப்பேட்டையில் ஒரு கணினி, மோகனப்பிரியா என்கிற நர்ஸ் தொட்டால் மட்டும் கிளம்ப மறுக்கிறது என்று எங்கள் கம்பெனிக்குப் புகார் வந்தது. ஃபோனை எடுத்த பெண் அதைப் 'பயன்படுத்துவோர் கோளாறு' என்ற தலைப்பில் சேர்த்துவிட்டாள். அந்தத் தலைப்பில் வருகிற புகார்களுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவார்கள். கோபப்படாமல் கேட்டுக்கொள்வேன் என்று எனக்கு ஒரு பெயர். உண்மையில் நான் கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் கோபப்படுகிறவன். வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் பூபதி. ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பழுது பார்க்கிறேன். காலையில் பஸ் பிடித்து உடுமலையில் இறங்கியபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. சென்னியப்பன் மருத்துவமனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் டாக்டர் சென்னியப்பன் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். விரலுக்குக் கீழே 'கணினியே ஒப்புக்கொண்ட கைராசி' என்று சிவப்பு எழுத்து. நான் எத்தனையோ ஆஸ்பத்திரி விளம்பரம் பார்த்திருக்கிறேன். பழுதான கருவியைக் காட்டி ஒருவர் விளம்பரம் செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாடியில் டயாலிசிஸ் யூனிட். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே அனுப்பும் இடம். முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி இயந்திரம், தனி மூளை. இப்போது எல்லாக் கட்டிலுக்கும் சேர்த்து ஒரே கணினி. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் அதை அணைத்து, குழாய்களைக் கழுவி, அடுத்த ஷிஃப்ட்டுக்கு மறுபடி போடுவார்கள். அது கிளம்பவில்லை என்றால் கட்டிலில் படுத்திருப்பவர்கள் சும்மா படுத்திருக்க வேண்டியதுதான்.

மோகனப்பிரியா எனக்காகக் காத்திருந்தார். நாற்பதை நெருங்குகிற வயது. தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தார். வணக்கம் சொல்லி, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் கணினியின் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தார். உள்ளே மின்விசிறி சுழன்றது. பச்சை வளையம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அணைந்தது. சின்னத் திரையில் ஒரே ஒரு வரி: 'இந்தத் தொடக்கம் பரிந்துரைக்கப்படவில்லை.'

"இதானுங்க சார்," என்றார்.

வழக்கமான வைத்தியத்தை ஆரம்பித்தேன். மின்கம்பியைப் பார்த்தேன். எர்த் சரியாக இருந்தது. பெட்டியைத் திறந்து மெமரி அட்டைகளைக் கழற்றி, அவற்றின் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். காசு போலிருக்கும் பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். தேவையில்லாததை எல்லாம் பிடுங்கிவிட்டு மூளையை மட்டும் தனியாக விட்டுப் பார்த்தேன். என் சர்வீஸ் சாவியைச் செருகிப் போட்டால் ஒவ்வொரு முறையும் சமர்த்தாகக் கிளம்பியது. சாவி இருந்தால் அது யார், என்ன என்று எதையும் கேட்காது. ஆனால் சாவியோடு கிளம்பினால் ரத்தக் குழாய் பம்பு மட்டும் ஓடாது. பழுது பார்க்கிறவன் தவறிப்போய் நோயாளியை மாட்டிவிடக் கூடாது என்று அப்படி ஒரு பூட்டு. சாவியை எடுத்துவிட்டு மோகனப்பிரியாவைப் போடச் சொன்னேன். வளையம் சுற்றியது, அணைந்தது. கருவிக்கு ஒரு குறையும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. குறை இருந்தால் மாற்றிவிடலாம்.

டாக்டர் வந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி வைத்து, வெள்ளைச் சட்டையில் இருந்தார். உள்ளே வந்ததும் ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றார் மோகனப்பிரியா. தண்ணீர் பிரஷர் சரியா என்று கேட்டார். சரி. நோயாளிகளின் ரத்த அழுத்தமெல்லாம் எப்படி என்று கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் மோகனப்பிரியா. டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடி, கட்டைவிரலை வைத்தார். வளையம் சுற்றி, நின்று, முழுப் பச்சையானது. கட்டில்களின் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

கதவோரம் தன் முறைக்காக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பெயர் நாச்சிமுத்து என்று பிறகு தெரிந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். அவருடைய பிரச்சினை வேறு. சில மாதமாகக் கணினி அவர் விரலைத் தவிர வேறு யாருக்கும் சரியாகக் கிளம்புவதில்லை. மற்ற நர்ஸுகள் தொட்டால், அதற்கு மனம் வந்தால் கிளம்பும். மோகனப்பிரியாவுக்கு ஒருபோதும் இல்லை. அதனால் டாக்டர் ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் வந்து விரலை வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஊரைத் தாண்ட முடியவில்லை. வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் மகளுக்குப் பிரசவம். பல் டாக்டர் நண்பரிடம் சொல்லித் தன் கட்டைவிரலை ரப்பரில் அச்செடுத்துப் பார்த்திருக்கிறார். கணினி நாடித்துடிப்பும் பார்க்கிறது. ரப்பருக்கு நாடி இல்லை. அந்த ரப்பர் விரலை மேஜை டிராயரிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார். நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்லீங்க தம்பி," என்றார். "மிஷின்ல பழுதில்லைன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சாயங்காலமே அந்தப் புள்ளைய மருந்துக் கிடங்குக்கு மாத்திடறேன். அது இங்க இருக்கற வரைக்கும் மிஷின் யாரையும் நம்ப மாட்டேங்குது. அந்தப் புள்ள போயிட்டா மிஷின் மத்தவங்க கைக்குத் தானா பழகிக்கும்."

பழுதில்லை என்று நான் எழுதினால் மோகனப்பிரியாவுக்கு யூனிட்டில் இடமில்லை. எழுதாமலிருக்கக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. மதியம் வரை நேரம் கேட்டேன்.

யூனிட்டுக்குத் திரும்பினேன். மோகனப்பிரியா காபி கொண்டுவந்து கொடுத்தார். கிடங்கு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மெஷினுக்கே பிடிக்காத கை என்று நர்ஸுகள் சாப்பிடும் இடத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அது ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. அவர் அண்ணன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அண்ணி ஃபோன் செய்து, நீ மெதுவாகவே வா, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணி கெட்டவரில்லையாம். முன்பு இதையெல்லாம் நம்பாதவராம்.

"முன்னெல்லாம் ராசியில்லாதவன்னு யாராவது சொன்னா சண்டைக்குப் போலாங்க சார்," என்றார். "இப்பக் கம்ப்யூட்டர் சொல்லுது. அதுகிட்டப் போயி எப்படிச் சண்டை போடறதுங்க?"

எனக்கு அந்த மனுஷியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காபியைக் குடித்தேன். கதவோரம் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். அவர் கையில் நரம்பு கண்டுபிடிப்பது மோகனப்பிரியா ஒருத்தரால்தான் முடியுமாம். மற்றவர்கள் குத்தினால் கை வீங்கிவிடுமாம். அந்த அம்மிணியைக் கிடங்குக்கு அனுப்பினால் என் கையையும் வெட்டிக் கிடங்குக்கே அனுப்பிவிடுங்கள் என்றார். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். கால்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. போன முறை வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அன்றைக்குக் கரண்ட் சரியில்லை, அவருடைய ரத்த அழுத்தமும் சரியில்லை. நல்ல நேரம் பார்த்து வரச் சொன்னார்களாம்.

இதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படித் திருப்பி அனுப்புவது உண்டா என்று மோகனப்பிரியாவிடம் கேட்டேன். முன்பு இல்லை, இப்போது உண்டு என்றார். முன்பு அந்த மாதிரி நேரங்களில் அவர்தான் போடுவாராம்.

நான் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. பெட்டியையும் தொடவில்லை. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்தேன். முதல் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் விளக்குகள் மங்கின. ஒரு நர்ஸ், "கரண்ட் இழுக்குது, மோகனா அக்காவைக் கூப்புடுங்க," என்றாள். மோகனப்பிரியா போய் ஸ்டெபிலைசரைச் சரி செய்தார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் உறுமியது, மோகனப்பிரியா அக்கா. கடைசிக் கட்டிலில் ஒருவருக்கு மயக்கம் வந்தது, மோகனப்பிரியா அக்கா. எல்லாம் சரியாகி, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் ஃபோன் செய்து டாக்டரைக் கூப்பிடுவார்களாம். பச்சை விளக்கு வரும்வரை டாக்டர் அறையை விட்டு வருவதில்லை. அது அங்கே பழக்கமாகவே இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேராக டாக்டரிடம் போனேன்.

இந்தப் பெட்டிக்குள் முன்கணிப்பான் என்று ஒரு சின்ன மூளை இருக்கிறது என்று சொன்னேன். பாதியில் நின்று போகிற டயாலிசிஸ், ஆரம்பிக்காத டயாலிசிஸைவிட ஆபத்து. அதனால் பொத்தானை அழுத்தியதும், இந்த ஓட்டம் கடைசிவரை போகுமா என்று முன்கணிப்பான் முதலில் பார்க்கிறது. போகாது என்று தோன்றினால் கிளம்புவதே இல்லை. யார் தொடங்கினார்கள் என்பது பதிவாக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு பொத்தானில் ரேகைக் கண்ணாடி வைத்தார்கள். வைத்தவர்கள் ரேகையையும் முன்கணிப்பானுக்குப் பாடமாகக் கொடுத்துவிட்டார்கள்.

"அதானுங்களே நானும் சொல்றேன்," என்றார் டாக்டர். "பாடம் படிச்சுத்தான் சொல்லுது. சும்மா சொல்லலை."

"படிச்சுத்தானுங்க சொல்லுது. ஆனா கரண்ட் இழுக்கற நேரம், தண்ணி வராத நேரம், நோயாளி தாங்க மாட்டார்ங்கற நேரம், அப்பல்லாம் யாருங்க ஸ்டார்ட் பண்ணினாங்க? மோகனப்பிரியா சிஸ்டர். எல்லாம் நல்லா இருக்கறப்ப? நீங்க. சிஸ்டர் போட்டதுல பாதி நடுவுல நின்னிருக்கும். நீங்க போட்டது ஒண்ணுகூட நின்னிருக்காது. அவங்க கை வெச்சதால கெடலைங்க. கெட்டுப்போறப்பத்தான் அவங்க கை வெச்சாங்க. பெட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க."

டாக்டர் யோசித்தார். படித்த மனிதர், புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அந்தப் புரிதலை அவர் மெதுவாக ஓரமாக எடுத்து வைப்பதும் தெரிந்தது.

"அப்ப என் கை?" என்று கேட்டார்.

"உங்க கை நல்ல கைதானுங்க. நல்ல நேரத்துல மட்டும் வேலை செய்யுது."

அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. படித்ததை எல்லாம் அழித்துவிட்டால் எல்லோருக்கும் கிளம்பும், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னேன். அழிப்பதா என்றார். இவ்வளவு காலம் படித்ததை அழிப்பது விஞ்ஞானத்துக்கு விரோதமில்லையா என்றார். வாசலில் இருந்த ஃபிளெக்ஸை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பழுதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு மதிய பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் மோகனப்பிரியா கதவைத் தட்டினார். நாச்சிமுத்துவுக்கு மூச்சு முட்டுகிறது என்றார். இன்றைக்கும் திருப்பி அனுப்பினால் வீடு போய்ச் சேரமாட்டார். ஆனால் கரண்ட் இன்னும் சரியாகவில்லை, அவருடைய அழுத்தமும் கீழே இருக்கிறது. என் கைக்குக் கிளம்பாது, நீங்கள்தான் வந்து போட வேண்டும் என்றார்.

டாக்டர் ஸ்டெபிலைசரைப் பற்றிக் கேட்டார். பச்சை இல்லை, மஞ்சள் என்றார் மோகனப்பிரியா. கொஞ்சம் பொறுக்கலாமா என்றார் டாக்டர். பொறுக்க முடியாது என்றார் மோகனப்பிரியா. கரண்ட் போனால் மாற்றுப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் கேட்டேன். அது செத்து ரொம்ப நாளாகிறதாம். புதிதாக வாங்கச் சொல்லி மோகனப்பிரியா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஓட்டம் எதுவும் நிற்பதில்லையே, பேட்டரி எதற்கு என்று டாக்டர் தள்ளிப் போட்டுவிட்டார். கைராசி இருக்கிறது என்று பேட்டரியை விட்டுவிட்ட ஆஸ்பத்திரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

யூனிட்டுக்குப் போனோம். நாச்சிமுத்துவைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. டாக்டரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டாக்டர் கண்ணை மூடினார். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் மூடினார். விரலை வைத்தார். வளையம் சுற்றி முழுப் பச்சையானது. மோகனப்பிரியா நாச்சிமுத்துவின் கையைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஊசியை ஏற்றினார். ரத்தம் குழாயில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தது. மற்றக் கட்டில்களில் இன்னும் யாரையும் மாட்டவில்லை.

டாக்டர் அறைக்குப் போகாமல் அங்கேயே நின்றார். மெல்ல மெல்ல நாச்சிமுத்துவின் உதட்டுக்கு நிறம் வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறீர்கள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. கணினியும் அணைந்தது. பம்பு நின்றது. நாச்சிமுத்துவின் ரத்தம் அவருக்கு வெளியே, குழாய்க்குள் அசையாமல் இருந்தது.

நின்ற ரத்தம் உறையும். மோகனப்பிரியா இயந்திரத்தின் பக்கவாட்டிலிருந்த கைப்பிடியை இழுத்து மாட்டி, பம்பைக் கையால் சுற்ற ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ஒரே சீராகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே ஒரு நர்ஸை ஜெனரேட்டருக்கு அனுப்பினார், இன்னொருத்தியைக் கால்களைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார், டாக்டரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். டாக்டர் தள்ளி நின்றார். சிவப்பாக இருந்த குழாய் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ரத்தம் முழுக்க உள்ளே போய்விட்டது. மோகனப்பிரியா கவ்விகளைப் போட்டு மூடிவிட்டு, கையை உதறிக்கொண்டார்.

நாச்சிமுத்து பிழைத்தார். ஆனால் பாதி வைத்தியம்தான் ஆகியிருந்தது. மீதியைச் செய்யாவிட்டால் பிழைத்ததற்கு அர்த்தமில்லை.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்து, விளக்குகள் வந்தன. இப்போது எல்லாம் பச்சை. டாக்டர் முன்னால் போய் விரலை வைத்தார். வளையம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது. அதை அங்கிருந்த யாரும் இதற்குமுன் பார்த்ததில்லை: 'இந்தத் தொடக்கம் கவனத்துடன் பரிந்துரைக்கப்படுகிறது. தொடரவா?'

டாக்டர் அந்த வரியைப் படித்தார். திரும்பப் படித்தார். விரலை எடுத்துவிட்டார். சுற்றியிருந்த நர்ஸுகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கண்ணாடி இல்லாததால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை.

டாக்டர் என் தோளில் கை போட்டு ஜன்னல் பக்கம் கூட்டிப் போனார்.

"தம்பி, இப்ப நடந்துச்சு பாருங்க. அதை மட்டும் அழிக்க முடியுங்களா?"

"மட்டும்னு முடியாதுங்க. அழிச்சா எல்லாத்தையும் சேத்துத்தான் அழிக்கணும்."

வெளியே பஸ் ஸ்டாண்டில் யாரோ பழனி, பழனி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பழுது இருக்குதுன்னே எழுதிக்குங்க," என்றார்.

விஞ்ஞானத்துக்கு விரோதமில்லையா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். என் சாவியைச் செருகி, சம்மதத்துக்கு அவர் விரலை வாங்கி, முன்கணிப்பான் படித்த அத்தனையையும் அழித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. அவருடைய கைராசியும் மோகனப்பிரியாவின் ராசியின்மையும் ஒன்றாகவே போயின. பெட்டி வெறும் மூளையாக எழுந்து, வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக எங்கள் கம்பெனியிலிருந்து பொதுப் பாடத்தை வரவழைத்துக்கொண்டது. எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலும் உள்ள பெட்டிகள் கற்றுக்கொண்டதைச் சேர்த்து வைத்திருக்கும் பாடம் அது. ஒரே ஊரில் மட்டும் பதிவான ரேகை அதில் சேராது, அதனால் உடுமலைப்பேட்டை மோகனப்பிரியா என்று அதில் யாரும் இல்லை.

பழுது நீக்கியதும், சாவியில்லாமல் சாதாரண ஆள் மாதிரி ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. இந்த விதி இந்த ஆண்டுதான் வந்தது. சாவியை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலை வைத்தேன். மின்விசிறி சுழன்றது. வளையம் சுற்றியது. அணைந்தது.

'இந்தத் தொடக்கம் பரிந்துரைக்கப்படவில்லை.'

விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே வரி. அழிந்ததா என்று உள்ளே போய்ப் பார்த்தேன். அழிந்துதான் இருந்தது. மறுபடி வைத்தேன். டாக்டர் தொண்டையைக் கனைத்தார். அப்ப இன்னும் சரியாகவில்லை என்றார். மோகனப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கை நினைத்திருப்பார். இவ்வளவு பேசிவிட்டு, அந்த மனுஷியை நடுத்தெருவில் விட்டுவிட்டேனே என்றிருந்தது.

நாச்சிமுத்து மறுபடி இருமினார். மோகனப்பிரியா யாரையும் கேட்கவில்லை. என்னைத் தாண்டிக் கையை நீட்டி, பொத்தான்மேல் விரலை வைத்தார்.

வளையம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. முழுப் பச்சை. கட்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். ஒரு நர்ஸ் கை தட்டினாள். டாக்டர் அணைத்துவிட்டுத் தானும் போட்டுப் பார்த்தார், கிளம்பியது. தரை துடைக்கிற அம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கும் கிளம்பியது. கடைசியில் என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன். அணைந்தது.

வராந்தாவுக்கு வந்து கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். பொதுப் பாடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் எடுத்தாள். நிவேதிதா என்று பெயர், நல்ல பெண், பொறுமையாகப் பேசுவாள். என் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

"சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றாள். "விதி மாறினதுல இருந்து நீங்க போற ஊர்ல எல்லாம் சாவியில்லாம விரல் வைக்கறீங்க. நீங்க விரல் வெச்ச பெட்டி எல்லாமே ஏற்கெனவே கெட்டுப்போன பெட்டி. அதுல பல பெட்டி மறுபடியும் கெட்டுப்போகும், அது சகஜம். உங்க கையில ஒரு தப்பும் இல்ல. பெட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

தெரியும் என்றேன். சரி செய்யுங்கள் என்றேன். இது எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான பாடம், ஒரு ஆளுக்காக மாற்ற முடியாது, மேலே எழுதி வைக்கிறேன் என்றாள். அதுவரைக்கும் ஓடுகிற பெட்டி பக்கம் போகாமலிருப்பது நல்லது என்றாள். ஏன் என்று கேட்டேன். புதிதாக வந்த பெட்டிகளில் பக்கத்தில் நிற்பவரையும் அடையாளம் கண்டுகொள்ளும் வசதி இருக்கிறதாம். இது எந்த வகை என்று கேட்டாள். பழைய வகை என்றேன். அப்படியென்றால் பரவாயில்லை என்றாள்.

உள்ளே போனேன். நாச்சிமுத்துவுக்கு மீதி வைத்தியத்துக்கு எல்லாம் தயாராக இருந்தது. இந்த முறை மோகனப்பிரியாவே போடப்போகிறார். கிடங்குப் பேச்சு யார் வாயிலும் இல்லை. டாக்டர் ஜன்னலோரம் நின்று விமான டிக்கெட்டுக்காக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

நாச்சிமுத்து என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நினைத்துப் பிறகு சொல்கிறவரைப் போல ஆரம்பித்தார்.

"தம்பி, ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கெடையாது. இருந்தாலும் இது முடியற வரைக்கும்..."

முடிக்கவில்லை. நான் மோகனப்பிரியாவைப் பார்த்தேன். சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாதா என்று அவரைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அவர் குனிந்து நாச்சிமுத்துவின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கொஞ்சம் வெளிய உக்காருங்க சார்," என்றார் அன்பாகவே. "நல்லபடியா ஆகட்டும், நானே வந்து கூப்புடறேன்."

வெளியே வந்து வராந்தாவிலிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வலித்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி சுழலும் சத்தமும், பிறகு பம்பு ஓடும் சத்தமும் கேட்டன. நின்றுவிடுமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை. நான் வெளியே இருந்த நேரம் முழுக்க அது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.